த்ராட்டில் பொசிஷன் சென்சார்: வீட்டிலேயே சோதிப்பது, மாற்றுவது, ரீசெட் செய்வது

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. பிரேக் பிடித்து நிற்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகிறது. ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் ஓர் இடத்தில் மட்டும் தயங்கி, அடுத்த நொடி வெட்டி இழுக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர் வேண்டாத நேரத்தில் மாறுகிறது. இதையெல்லாம் கேட்டதும் பலரும் கை காட்டுவது த்ராட்டில் பொசிஷன் சென்சாரைத்தான். சில சமயம் அது சரி. ஆனால் கழற்றி வீசப்படும் சென்சார்களில் நல்லவையும் நிறைய உண்டு. உண்மையான குற்றவாளி த்ராட்டில் பாடிக்குள் படிந்த கரியாகவோ, வெடித்த வேக்குவம் ஹோஸாகவோ, பச்சை பூத்த கனெக்டர் பின்னாகவோ இருக்கும். ஆகவே இங்கே மாற்றுவதைவிடச் சோதிப்பதற்குத்தான் அதிக இடம்.

சென்சார் என்ன வேலை செய்கிறது

ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயும் இன்டேக் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் இருக்கும் அலுமினிய உறுப்புதான் த்ராட்டில் பாடி. அதனுள் ஒரு வட்டத் தட்டு இருக்கும். தட்டு எந்த அளவு திறந்திருக்கிறதோ அந்த அளவு காற்று உள்ளே போகும். தட்டைத் தாங்கும் ஷாஃப்ட்டின் ஒரு முனையில் இந்தச் சென்சார் உட்கார்ந்து, தட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை வோல்ட்டேஜாக மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குச் சொல்கிறது.

பழைய வகைச் சென்சார் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். உள்ளே ஒரு கார்பன் பாதை, அதன்மேல் உரசி நகரும் ஒரு சிறு உலோக விரல். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் தேய்ந்துபோனால் திருப்பும்போது கரகரக்குமே, இதிலும் நடப்பது அதுதான். வண்டி பெரும்பாலான நேரம் கால்வாசிக்கும் குறைவாகவே த்ராட்டில் திறந்து ஓடுவதால், கார்பன் பாதையின் அந்தத் தொடக்கப் பகுதிதான் முதலில் தேயும். முழு வேகத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும் வெட்டுவதற்கு இது ஒரு காரணம். புதிய வண்டிகள் பலவற்றில் உரசாத, காந்தப்புலத்தை அளக்கும் ஹால் வகைச் சென்சார் உண்டு. அதில் இந்தத் தேய்மானம் இல்லை.

இசியூ இந்த ஒரு சிக்னலைப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது: திடீரென மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல், கால் எடுத்ததும் பெட்ரோல் நிறுத்தம், இக்னிஷன் டைமிங், ஆட்டோமேட்டிக் கியர் மாறும் நேரம், முழுதாக மிதித்தால் ஏசி கம்ப்ரஸரை விலக்குவது. அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது த்ராட்டில் முழுதாகத் திறந்திருப்பதாகத் தெரிந்தால், பல வண்டிகளில் இசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும். அதிகப் பெட்ரோலால் நனைந்த இன்ஜினை உலர்த்த வைத்த ஏற்பாடு அது. சென்சார் கெட்டுப்போய் எப்போதும் 4.5 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தால், நல்ல பேட்டரியும் நல்ல ஸ்பார்க்கும் இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கேபிள் வகை வண்டியில் இந்தச் சந்தேகம் வந்தால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் அடுத்துச் சோதிக்க வேண்டியது அந்தச் சென்சாரைத்தான்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

பானெட்டைத் திறந்து த்ராட்டில் பாடியைத் தேடுங்கள். ஒரு எஃகு கேபிள் வந்து அதன் பக்கத்திலுள்ள நெம்பை இழுக்கிறதா? அப்படியானால் அது கேபிள் வகை. நெம்புக்கு எதிர்ப்பக்க முனையில், இரண்டு ஸ்க்ரூக்களால் பிடித்த சிறிய கறுப்பு பிளாஸ்டிக் உறுப்புதான் சென்சார். அதை மட்டும் தனியாக மாற்றலாம். அதே த்ராட்டில் பாடியில், ஐடிலுக்கான காற்றை அளந்து விடும் ஐடில் கன்ட்ரோல் வால்வும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தட்டைத் தாங்கும் ஷாஃப்ட்டின் முனையோடு சேர்ந்திருப்பதுதான் பொசிஷன் சென்சார்.

கேபிளே இல்லாமல், ஒரு பெரிய கனெக்டர் மட்டும் வந்து சேர்ந்தால் அது எலெக்ட்ரானிக் த்ராட்டில். பெரும்பாலும் ஆறு வயர்: மோட்டாருக்கு இரண்டு, 5 வோல்ட் ஒன்று, கிரவுண்ட் ஒன்று, சிக்னல் இரண்டு. ஒரு சிக்னல் பொய் சொன்னால் மற்றதை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு. இந்த வகையில் சென்சார் பக்கவாட்டு மூடிக்குள்ளேயே இருக்கும். சில மாடல்களுக்கு மூடி மட்டும் தனியாகக் கிடைக்கிறது என்றாலும், உள்ளே சிறு கியர்களும் ஸ்பிரிங்கும் இருப்பதால் புதியவர்கள் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது. சென்சார் போனால் த்ராட்டில் பாடியை முழுதாக மாற்றுவதுதான் வழக்கமான தீர்வு.

ஆக்சிலேட்டர் பெடலில் இருக்கும் சென்சார் வேறு. எலெக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளிலும் இன்றைய டீசல் வண்டிகளிலும் பெடலிலேயே ஒரு சென்சார் உண்டு. அது கெட்டாலும் அறிகுறிகள் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும்.

கோட் சொல்வதும் சொல்லாததும்

இசியூ பதிவு செய்த கோளாறு எண்களை (கோட்) படிக்கும் கருவியான ஓபிடி ஸ்கேனர் இருந்தால், அந்தக் கோடைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோட் விழுந்த நேரத்தின் ஆர்பிஎம், வெப்பம், வேகம் ஆகியவற்றைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவையும் சேர்த்து எழுதுங்கள். அழித்துவிட்டால் திரும்ப வராது.

பி0120 முதல் பி0124 வரை முதல் சென்சாரின் சர்க்யூட்டைப் பற்றியவை. பி0122 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி0123 என்றால் மிக அதிகம், பி0121 என்றால் வரும் அளவு நம்பும்படி இல்லை, பி0124 என்றால் விட்டுவிட்டு வருகிறது. பி0220 முதல் பி0224 வரை இரண்டாவது சென்சாருக்கு. பி2135 வந்தால் இரண்டு சென்சாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பி2138 வந்தால் த்ராட்டில் பாடியைத் தொட வேண்டாம். அது பெடல் சென்சாரின் கோட். பி0507 என்றால் ஐடில் எதிர்பார்த்ததைவிட அதிகம். காற்றுக் கசிவையோ கரியையோ முதலில் தேடுங்கள், அதுவும் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று சொல்லும் பி0171 உடன் சேர்ந்து வந்தால் கசிவுதான் முதல் சந்தேகம்.

பி0122 என்ற கோட் “சென்சார் கெட்டது” என்று சொல்லவில்லை. “சிக்னல் வயரில் வோல்ட்டேஜ் இல்லை” என்றுதான் சொல்கிறது. வயர் அறுந்தாலும், கனெக்டர் சரியாக உட்காராவிட்டாலும், 5 வோல்ட் வராவிட்டாலும் இதே கோட்தான் வரும். பி0641 போன்ற ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ் (சென்சார்களுக்கு இசியூ தரும் 5 வோல்ட்) கோடோ, வேறு இரண்டு மூன்று சென்சார் கோடுகளோ சேர்ந்து வந்தால் பிரச்சினை பொதுவான 5 வோல்ட் லைனில் இருக்கிறது.

தேவையானவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், கனெக்டரின் பின்பக்கம் வயரோடு நுழையக்கூடிய மெல்லிய குண்டூசி இரண்டு மூன்று, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் (2-ஆம் எண்), டி20 மற்றும் டி25 டார்க்ஸ் பிட்டுகள், 8 மற்றும் 10 மில்லிமீட்டர் சாக்கெட், த்ராட்டில் பாடி கிளீனர் ஒரு கேன், பஞ்சு உதிராத துணி, மென்மையான நைலான் பிரஷ். த்ராட்டில் பாடியைக் கழற்றுவதானால் புதிய கேஸ்கெட். ஸ்கேனர் இருந்தால் வேலை பாதி சுலபம். எலெக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு அது இல்லாமல் இறங்காதீர்கள்.

கார்ப்பரேட்டர் கிளீனரை மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளில் தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு கறுப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கரி என்று நினைத்து கடுமையான கிளீனரால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் தட்டு மூடியிருக்கும்போதும் காற்று நுழைந்து ஐடில் ஏறிவிடும்.

சோதனை: கேபிள் வகை, மூன்று வயர்

மீட்டரை எடுக்கும் முன் இரண்டு நிமிடம் கண்ணால் பாருங்கள். கனெக்டரின் லாக் உடைந்திருக்கிறதா, பின்னில் எண்ணெயோ தண்ணீரோ பச்சையோ இருக்கிறதா, வயர் எங்காவது இரும்பில் உரசியிருக்கிறதா, வேக்குவம் ஹோஸ்களின் முனை வெடித்திருக்கிறதா. பேட்டரி வோல்ட்டேஜையும் பாருங்கள். இன்ஜின் ஆஃபில் 12.4 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். வோல்ட்டேஜ் போதாத வண்டியில் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

1. சாவி ஆஃப். கனெக்டரைக் கழற்றாமலே, மூன்று வயரின் பின்பக்கமும் குண்டூசியை வயரோடு ஒட்டி உள்ளே செருகுங்கள். ஊசிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. வயரின் மேல் உறையைக் குத்தி அளக்க வேண்டாம். அந்தத் துளை வழியே ஈரம் இறங்கி சில மாதங்களில் செம்பு அரித்துவிடும்.

2. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடியுங்கள்.

3. சிவப்பு முனையால் ஒவ்வொரு ஊசியாகத் தொடுங்கள். ஒன்று 4.8 முதல் 5.2 வோல்ட் காட்ட வேண்டும்: அது ரெஃபரன்ஸ். ஒன்று கிட்டத்தட்ட சுழியம், 0.1 வோல்ட்டுக்குள்: அது கிரவுண்ட். மூன்றாவது, த்ராட்டில் மூடிய நிலையில் பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 1 வோல்ட்: அதுதான் சிக்னல்.

4. ரெஃபரன்ஸில் 5 வோல்ட் இல்லையா? சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது 5 வோல்ட் வந்தால் சென்சாருக்குள் ஷார்ட். வராவிட்டால் அதே லைனில் இருக்கும் மற்ற சென்சார்களை, உதாரணமாக மேனிஃபோல்ட் பிரஷர் சென்சாரை, ஒவ்வொன்றாகக் கழற்றி அளங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் கோளாறு. இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் வீணாக வாங்கப்படும் சென்சார்கள் அதிகம்.

5. கிரவுண்டில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். எர்த் உயர்ந்தால் சிக்னலும் சேர்ந்து உயரும்.

6. சிக்னல் ஊசியில் மீட்டரை வைத்துக்கொண்டு, த்ராட்டில் நெம்பைக் கையால் மிக மெதுவாக, பத்து நொடி எடுத்து முழுதாகத் திறங்கள். வோல்ட்டேஜ் எங்கும் தாவாமல், விழாமல், சீராக ஏறி 4 முதல் 4.7 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அதே மெதுவில் மூடுங்கள். தொடங்கிய அளவுக்கே திரும்ப வேண்டும்.

ஆறாவது படியில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். தேய்ந்த இடத்தில் சிக்னல் ஒரு கணம் சுழியத்துக்கு விழுந்து எழுந்தால் அது திரையில் தெரியாமலே போய்விடும், ஆனால் இசியூ அதைப் பார்த்துவிடும். மீட்டரில் பார் கிராஃபோ, மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதியோ இருந்தால் பயன்படுத்துங்கள். பழைய முள் மீட்டர் இதற்கு நன்றாக உதவும். முள் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். முதல் கால்வாசித் திறப்பை மட்டும் ஐந்தாறு தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

அளவு நன்றாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், நெம்பை அந்தத் தயங்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சென்சாரை லேசாகத் தட்டுங்கள். பிறகு வயரை ஆட்டுங்கள். சூடான பிறகே வரும் கோளாறானால் ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடாக்கி அளங்கள். தட்டும்போது மாறினால் சென்சார். வயரை ஆட்டும்போது மாறினால் கனெக்டர் அல்லது வயர்.

மூடிய நிலையிலேயே 1.2 வோல்ட், 1.5 வோல்ட் என்று காட்டினால் சென்சாரைக் குறைசொல்லும் முன் தட்டு உண்மையில் மூடுகிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருக்கலாம், விளிம்பில் கரி தடுக்கலாம், யாராவது ஐடிலை ஏற்றுவதற்காக த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கலாம். அந்த ஸ்க்ரூ தொழிற்சாலையில் அமைத்து, பல சமயம் பெயின்ட் புள்ளி வைத்து அனுப்பப்படுவது. ஐடிலைச் சரிசெய்ய அது வழியல்ல.

சாவியை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி, ஓம் அளவிலும் சோதிக்கலாம். ரெஃபரன்ஸ் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் இடையே சில ஆயிரம் ஓம் மாறாமல் நிற்கும். சிக்னல் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே நெம்பு நகர நகரச் சீராக மாறும். ஆனால் இது பொட்டென்ஷியோமீட்டர் வகைக்கு மட்டும். ஹால் வகையில் உள்ளே எலெக்ட்ரானிக் சிப் இருப்பதால் ஓம் அளவுக்குப் பொருளே இல்லை.

சோதனை: எலெக்ட்ரானிக் த்ராட்டில்

சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டிலுக்குள் விரலை விடாதீர்கள். மோட்டார் எதிர்பாராமல் தட்டைத் திருப்பும், விரல் நசுங்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் பல் உடையும்.

ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, இரண்டு த்ராட்டில் சென்சார்களையும் இரண்டு பெடல் சென்சார்களையும் ஒரே திரையில் கொண்டுவாருங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். பெடலை மெதுவாக மிதியுங்கள். சில வண்டிகளில் ஒரு சிக்னல் ஏற, மற்றது அதே அளவு இறங்கும். இரண்டையும் கூட்டினால் எந்த நிலையிலும் சுமார் 5 வோல்ட் வரும். வேறு சிலவற்றில் இரண்டும் ஏறும், ஆனால் வெவ்வேறு வேகத்தில். எதுவானாலும் இரண்டும் சேர்ந்தே, தாவாமல் நகர வேண்டும். பெடல் அளவு சீராக இருந்து த்ராட்டில் அளவு மட்டும் துள்ளினால் கோளாறு த்ராட்டில் பாடி பக்கம்.

கால் வைக்காதபோதும் த்ராட்டில் 12 சதவீதம், 17 சதவீதம் என்று காட்டுகிறதே என்று பதற வேண்டாம். பல ஸ்கேனர்கள் 5 வோல்ட்டில் எத்தனை பங்கு என்பதை அப்படியே சதவீதமாகக் காட்டும். 0.6 வோல்ட் என்றால் 12 சதவீதம். முழுதாக மிதித்தாலும் 100 வராமல் 80, 90-இல் நிற்பதும் அதனால்தான்.

மாற்றும் முன் சுத்தம்

கரி படிந்த த்ராட்டில் பாடி, கெட்ட சென்சாரின் அறிகுறிகளில் பாதியைத் தானே உண்டாக்கும். இன்ஜின் ஆறியதும், சாவியை ஆஃப் செய்து, ஏர் குழாயின் கிளாம்பைத் தளர்த்தி விலக்குங்கள். டார்ச் அடித்தால் தட்டின் விளிம்பில் கறுப்பு வளையம் தெரியும். கிளீனரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேரே பீய்ச்சினால் அது ஷாஃப்ட்டின் ஓரமாகச் சென்சாருக்குள் இறங்கும். கேபிள் வகையில் தட்டைக் கையால் திறந்து பின்பக்கமும் துடைக்கலாம். எலெக்ட்ரானிக் வகையில் கனெக்டரைக் கழற்றிவிட்டு, தெரியும் பகுதியை மட்டும் சுத்தம் செய்யுங்கள். பின்பக்கமும் மோசமாக இருந்தால் த்ராட்டில் பாடியைக் கழற்றி எடுப்பதே பாதுகாப்பு. பத்து நிமிடம் உலரவிட்டுப் பொருத்துங்கள். சுத்தம் செய்த பிறகு ஐடில் அதிகமானால் அஞ்ச வேண்டாம். கரி இருந்தபோது அதற்கு ஏற்ப இசியூ ஐடிலுக்குக் கூடுதலாகக் காற்று விடக் கற்றிருந்தது. அதை மறக்க வைக்கும் முறை கீழே.

சென்சாரை மாற்றுவது

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் ஸ்டீரியோ கோட் கேட்கும். முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

2. சென்சாரின் ஸ்க்ரூ ஓட்டைகளைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் சரிப்படுத்தும் வேலை இல்லை. நீளவாக்கில் இருந்தால் சரிப்படுத்த வேண்டிய வகை. பழைய சென்சாரின் ஓரமாக த்ராட்டில் பாடியில் ஒரு கோடு கீறி வையுங்கள். மூடிய நிலையின் வோல்ட்டேஜையும் குறித்து வைத்திருக்க வேண்டும்.

3. கனெக்டரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

4. ஸ்க்ரூக்களை அவிழுங்கள். தொழிற்சாலையில் லாக் பசை தடவியிருப்பதால் இறுக்கமாக இருக்கும். தலைக்குப் பொருந்தாத பிட்டைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிவிடும். பிட்டை நன்றாக அழுத்தி, பின்தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் விடும்.

5. பழைய சென்சாரை நேராக இழுத்து எடுங்கள். அடியில் ஓ-ரிங் இருந்தால் புதியதில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. புதியதைப் பொருத்துவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஷாஃப்ட்டின் முனையில் ஒரு தட்டையான நாக்கு இருக்கும். சென்சாரின் நடுவில் அதற்கான பள்ளம். பல சென்சார்களில் உள்ளே ஸ்பிரிங் உண்டு. ஆகவே ஸ்க்ரூ ஓட்டைகள் நேராக இருக்கும்படி வைத்து அழுத்தக் கூடாது. நாக்கு பள்ளத்தில் உட்காரும்படி சென்சாரைச் சற்றுத் திருப்பி வைத்து, பிறகு ஸ்பிரிங்கின் எதிர்ப்பை உணர்ந்துகொண்டே ஓட்டைகள் நேராகும் வரை சுழற்ற வேண்டும். த்ராட்டிலைத் திறந்தால் சென்சாரும் திரும்பி, விட்டால் தானாக மூட வேண்டும். எங்காவது முட்டினாலோ, மூடாமல் நின்றாலோ நாக்கு தவறான பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே ஸ்க்ரூவை இறுக்கினால் சென்சார் உள்ளே உடையும். அதைவிட மோசம், த்ராட்டில் திறந்தபடி மாட்டிக்கொள்ளும்.

7. ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிளாஸ்டிக்கை அலுமினியத்தோடு பிடிக்கும் சிறு ஸ்க்ரூ இது. பெரும்பாலும் 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்க்ரூடிரைவரை மூன்று விரலால் பிடித்து இறுக்கினால் அந்த அளவு வந்துவிடும்.

சரிப்படுத்தும் வகையானால் ஸ்க்ரூவை முழுதாக இறுக்காமல், பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்து, சிக்னல் வயரை அளந்துகொண்டே சென்சாரைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் வோல்ட்டேஜில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு நகரும். இறுக்கிய பிறகும் அளக்க வேண்டும். பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் நான்கு வயர் சென்சார் உண்டு. நான்காவது வயர், தட்டு மூடியிருப்பதைச் சொல்லும் ஐடில் சுவிட்ச். அங்கே ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் நெம்புக்கும் இடையே ஃபீலர் கேஜை (குறித்த தடிமனுள்ள தகடுகளை)ச் செருகி, மெல்லிய தகட்டில் ஐடிஎல் (ஐடில் சுவிட்ச்), இ2 (கிரவுண்ட்) பின்களுக்கு இடையே தொடர்பு இருக்கும்படியும், தடித்த தகட்டில் அறுந்துபோகும்படியும் சென்சாரைத் திருப்பி அமைப்பார்கள். தகடுகளின் தடிமன் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

எலெக்ட்ரானிக் த்ராட்டில் பாடியை முழுதாக மாற்றுவதானால் நான்கு போல்ட்டுகள், பெரும்பாலும் எம்6. சிலவற்றில் கூலன்ட் ஹோஸ் இரண்டு வந்து சேரும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே அவற்றைத் தொடுங்கள், சிந்திய கூலன்ட்டைக் கடைசியில் நிரப்புங்கள். மேனிஃபோல்டின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு பழைய கேஸ்கெட்டை எடுங்கள். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தாலும் இன்ஜினுக்கு ஆபத்து. புதிய கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

ரீசெட்

சென்சாருக்குள் அழிக்க வேண்டிய நினைவு எதுவும் இல்லை. தட்டு மூடிய நிலை எந்த வோல்ட்டேஜ், ஐடிலுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று இசியூ கற்று வைத்த அளவுகளைப் புதிதாகக் கற்க வைப்பதைத்தான் ரீசெட் என்கிறோம். கோடை அழிப்பது மட்டும் இதற்குப் போதாது.

பெரும்பாலான கேபிள் வகை வண்டிகளுக்கு இந்தப் பொதுமுறை போதும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி 15 நிமிடம் விடுங்கள். மாட்டியபின் சாவியை ஆன் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் சில நொடி பொறுத்து ஆஃப் செய்யுங்கள். பத்து நொடி கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி, லைட், ஸ்டீரியோ எல்லாம் ஆஃபில் இருக்க, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுற்றும்வரை ஐடிலில் விடுங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள்; மூடிய ஷெட்டில் இன்ஜின் புகை உயிரைக் கொல்லும்.

ஹோண்டாவின் பல வண்டிகளில் முறை சற்று வேறு: நியூட்ரலில், எல்லா மின் சாதனங்களும் ஆஃபில், 3000 ஆர்பிஎம்மில் பிடித்து ஃபேன் சுற்றும் வரை சூடாக்கி, பிறகு காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும்.

நிசானின் எலெக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகள் பலவற்றுக்குப் பெடலாலேயே செய்யும் முறை உண்டு. கைக்கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக் கணக்குத் தவறினால் இசியூ கண்டுகொள்ளாது. இன்ஜின் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும், கியர் நியூட்ரல் அல்லது பார்க், ஸ்டீயரிங் நேராக.

1. காலை எடுத்தபடி சாவி ஆன், 2 நொடி; ஆஃப், 10 நொடி. இதை இன்னொரு முறை. (பெடலின் தொடக்க நிலை.)

2. சாவி ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். 10 நொடிக்குள் த்ராட்டிலிலிருந்து மோட்டார் நகரும் ஓசை கேட்க வேண்டும். (தட்டு மூடிய நிலை.)

3. சாவி ஆன் செய்து 3 நொடி பொறுங்கள். 5 நொடிக்குள் ஐந்து தடவை பெடலை முழுதாக மிதித்து விடுங்கள். 7 நொடி பொறுங்கள். பெடலை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். இன்ஜின் லைட் மினுக்கத் தொடங்கி, பிறகு மினுக்கம் நின்று நிலையாக எரியும். அது எரிந்ததும் 3 நொடிக்குள் காலை எடுத்து ஸ்டார்ட் செய்து, 20 நொடி ஐடிலில் விடுங்கள்.

ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் பேட்டரியைக் கழற்றுவதால் மட்டும் வேலை முடிவதில்லை. ஸ்கேனரில் பேசிக் செட்டிங் மெனுவுக்குப் போய், பழைய மாடல்களில் எலெக்ட்ரானிக் த்ராட்டிலுக்கு 060-ஆம் குரூப்பையும் கேபிள் வகைக்கு 098-ஆம் குரூப்பையும் இயக்க வேண்டும். த்ராட்டில் கடகடவென்று நகர்ந்து ஓய்ந்து, திரையில் ஏடிபி ஓகே (கற்றல் முடிந்தது) என்று வரும். வேறு வண்டி எதுவானாலும் அதன் சர்வீஸ் மேனுவலில் “ஐடில் ரீலேர்ன்” பகுதியைத் தேடுங்கள். ஒரு வண்டியின் பெடல் முறை இன்னொன்றில் ஒன்றும் செய்யாது.

ஓட்டிப் பார்ப்பது, பிறகும் மிஞ்சுவது

சூடான இன்ஜினின் ஐடில் பெரும்பாலான கார்களில் 650 முதல் 850 ஆர்பிஎம். ஏசியைப் போட்டால் ஒரு கணம் அசைந்து நிலைக்க வேண்டும். பிறகு நின்று கிளம்பும் ஓட்டம், ஒரே வேகத்தில் ஓட்டம், காலை எடுத்து மெதுவாக உருளவிடுவது என்று இருபது நிமிடம் ஓட்டுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஐடில் சற்று முரண்டு பிடிப்பது இயல்பு.

ஐடில் 1200-க்கு மேலேயே நின்றால் ஏர் குழாயின் கிளாம்ப், நீங்கள் கழற்றிய ஹோஸ்கள், கேஸ்கெட் இவற்றை முதலில் பாருங்கள். கேபிள் வகையில் கேபிளுக்குச் சிறிது தளர்வு இருக்க வேண்டும். ரீலேர்ன் பாதியில் நின்றால் பேட்டரி வோல்ட்டேஜும் இன்ஜின் வெப்பமும்தான் வழக்கமான காரணங்கள். ஆறிய இன்ஜினில் எத்தனை தடவை முயன்றாலும் ஏற்காது.

புதிய சென்சார் போட்டும் அதே கோட் திரும்பினால் இன்னொரு சென்சார் வாங்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, சென்சார் கனெக்டரையும் இசியூ கனெக்டரையும் பிரித்து, மூன்று வயரையும் முனைக்கு முனை ஓமில் அளங்கள். ஒவ்வொன்றும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்; ஒரு வயருக்கும் இன்னொன்றுக்கும், வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. அளந்துகொண்டிருக்கும்போதே வயர்க்கட்டை நீளவாக்கில் வளைத்துப் பாருங்கள், முக்கியமாக இன்ஜின் அசைவில் மடங்கும் இடங்களில். கனெக்டருக்குள் பெண் முனை விரிந்து பின்னைத் தளர்வாகப் பிடித்திருந்தாலும் கோட் விட்டுவிட்டு வரும். அதே தடிமனுள்ள பழைய பின் ஒன்றைச் செருகி இழுத்தால் பிடிப்பு எவ்வளவு என்று கையிலேயே தெரிந்துவிடும்.